கருவூலமும் தூளியும்

ஒரு நாட்டின் கருவூலச் சாவி யாருக்காகத் திறக்கிறது என்பதை அறிந்திட அமைச்சர் பட்டியலைப் புரட்ட வேண்டியதில்லை, தோழர்களே! அந்த நாட்டின் தூளிகளை எண்ணிப் பார்த்தால் போதும். எத்தனை தூளிகளில் ஆடிய குழந்தை ஓராண்டு கண்டு, தவழ்ந்து, எழுந்து நடக்கிறது? எத்தனை தூளிகள் ஓராண்டு முடியுமுன்னரே அவிழ்க்கப்பட்டுப் பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்படுகின்றன? எத்தனை வீடுகளில் தூளி கட்ட வேண்டிய தாயே இல்லாமற் போனாள்? இந்த மூன்று கணக்கும் தெரிந்துவிட்டால், ஆட்சி யாருக்காக நடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

தாய் இறப்பும் சேய் இறப்பும் தலைவிதி என்று பேசிய காலம் ஒன்று இருந்தது. "அவள் ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லி நம் பாட்டிமார் கண்ணைத் துடைத்துக் கொண்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மருத்துவமனை வாசலை மிதித்தறியாதவர்களுக்கு விதியை விட்டால் வேறு விளக்கம் ஏது? ஆனால் இன்று, படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், பொருளாதாரம் பேசுகிறவர்கள், அதே விதி வாதத்திற்குப் புதுச் சட்டை மாட்டி மேடைக்கு அழைத்து வருகிறார்கள். முதலில் நாடு செல்வம் சேர்க்கட்டும். செல்வம் பெருகினால் நலம் தானே வந்து சேரும். அதுவரை பொதுப் பணத்தை மருத்துவத்திற்குக் கொட்டுவது வரவறியாச் செலவு என்கிறார்கள்.

அவர்களுக்கு விடையளிக்க நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தனுஷ்கோடிக் கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கும் இலங்கைத் தீவு அந்த வாதத்தைப் பொய்யாக்கிக் காட்டியிருக்கிறது. அத்துடன், நமக்கு அதைவிடக் கசப்பான மற்றோர் உண்மையையும் புகட்டியிருக்கிறது. இரண்டையும் இன்று எண்ணிப் பார்ப்போம்.

எண்பதாயிரம் உயிர்களுக்குப் பிறகு

1934ஆம் ஆண்டின் பிற்பகுதி. இலங்கையில் மழை பொய்த்தது. ஓடிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. தேங்கிய நீரில் கொசு பெருகிற்று. மலேரியாக் காய்ச்சல் தாழ்நிலத்துக் கிராமங்களைச் சூறையாடியது. சில மாதங்களில் மாண்டவர் தொகை ஏறத்தாழ 80,000! 1935இல் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. அந்த ஆண்டில் ஒரு லட்சம் பிரசவத்திற்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மடிந்தனர். ஐம்பது பிரசவத்திற்கு ஒரு தாய்! எந்தப் போர்க்களத்திற்கும் குறைந்ததன்று அந்தப் பேறுகாலம்.

ஆனால் அந்தத் தீவில் வேறொன்றும் நடந்திருந்தது. 1931இலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்திருந்தது. ஆசியாவின் மற்ற நாடுகள் கனவிலும் காணாத உரிமை அது. காய்ச்சல் பரவிய ஊர்களுக்குச் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். அவர்களுள் ஒருவர் என். எம். பெரேரா. அவர் பருப்புப் பகிர்ந்தளித்ததால் அவருக்குப் 'பருப்பு மகாத்தயா', அதாவது பருப்பு ஐயா, என்றே பெயர் நிலைத்தது. 1935 டிசம்பரில் அந்த இளைஞர்கள் கட்சி கண்டனர். 1936 தேர்தலில் பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் அரசாங்க சபைக்குள் நுழைந்தனர். காய்ச்சலில் கிடந்த கிராமம், எழுந்து வந்து வாக்களித்தது!

வாக்கு வந்தபின் கருவூலம் பேசாமல் இருக்க முடியுமா? 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை ஊர் ஊராக விரிந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1942 முதல் பங்கீட்டு அரிசி வீட்டுக்கு வந்தது. 1940களின் நடுவில் கொசு ஒழிப்பு மருந்து வீடு வீடாகத் தெளிக்கப்பட்டது. 1951இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணமே நீக்கப்பட்டது. 1953இல் அரிசி விலையை ஆட்சியாளர் ஒரே மூச்சில் உயர்த்தியபோது, ஆகஸ்டு 12ஆம் நாள் நாடே வேலைநிறுத்தம் செய்தது. பிரதமர் பதவி விலக நேர்ந்தது.

விளைவு யாது? 1946இல் ஆயிரத்துக்கு 141 ஆக இருந்த சிசு மரணம், 1947இல் 101 ஆயிற்று. 1953இல் 71 ஆயிற்று. தாய் மரணம் ஒரு பத்தாண்டுக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2010களில் அது லட்சத்துக்கு 30ஐ ஒட்டி நின்றது. இரண்டாயிரத்திலிருந்து முப்பதுக்கு!

இடையில் அந்தத் தீவில் தங்கச் சுரங்கம் கிடைத்ததா? எண்ணெய் ஊற்று பொங்கியதா? இல்லை. அது ஏழை நாடாகவே இருந்தது. மக்கள் நல்வாழ்வுக்கு அரசு செலவழித்ததும் பல ஆண்டுகளில் நாட்டு வருமானத்தில் 2 சதவீதத்தை ஒட்டியோ, அதற்குச் சற்றுக் குறைவாகவோதான். செல்வம் வந்தபின் நலம் வரவில்லை, தோழர்களே! பொதுப் பணம் வந்த இடத்திற்கு நலம் வந்தது.

காசு உயிராகும் வழி

"அப்படியானால் பணத்தை அள்ளி இறைத்தால் போதுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கும் நேர்மையாக விடை சொல்ல வேண்டும்.

செல்வத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் அமெரிக்க நாட்டைப் பாருங்கள். நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 17 சதவீதம் மருத்துவத்திற்குப் போகிறது. ஆயினும் 2021ஆம் ஆண்டில் அங்கே லட்சம் பிறப்புக்கு 33 தாய்மார் மாண்டனர். கருப்பினத் தாய்மாரிடையே அந்த எண் 70ஐத் தொட்டது. அந்த ஆண்டு கொள்ளைநோய் ஆண்டு என்பது உண்மை. அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்கள் இறங்கியதும் உண்மை. ஆனால் செல்வச் சீமையின் தாயும் ஏழைத் தீவின் தாயும் ஏறத்தாழ ஒரே ஆபத்தில் நின்றார்கள் என்றால், பணத்தின் அளவு மட்டும் உயிர் காப்பதில்லை என்பது விளங்கவில்லையா? பணம் எந்த வழியாக, எந்த வாசலுக்குப் போகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

பேறுகாலத்தில் தாயைக் கொல்பவை எவை? அடங்காத இரத்தப்போக்கு ஒன்று. பிரசவத்தின்பின் கருப்பையில் ஏறும் நச்சுக் கிருமி ஒன்று. இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு ஒன்று. வழியடைத்து நிற்கும் பிரசவம் ஒன்று. இந்த எமன்கள் யாவும் பெயர் தெரிந்த எமன்கள். ஒவ்வொன்றிற்கும் மாற்று உண்டு. இரத்தப்போக்கிற்குச் சேமித்து வைத்த இரத்தம். கிருமிக்குத் தூய கையும் மருந்தும். வலிப்பிற்கு முன்கூட்டியே அளந்து பார்க்கும் அழுத்தமானியும், விலை குறைந்த ஓர் ஊசி மருந்தும். அடைபட்ட பிரசவத்திற்கு அறுவை மருத்துவரும், அவரிடம் கொண்டு சேர்க்கும் சாலையும் வண்டியும்.

குழந்தையின் கதையும் அதுவே. எடை குறைந்து பிறக்கும் குழந்தையின் துன்பம் தாயின் சோற்றுத் தட்டில் தொடங்குகிறது. தொப்புள்கொடியை அறுக்கும் கத்தியில் ஒரு மரணம் ஒளிந்திருக்கிறது. குடிநீரில் மற்றொரு மரணம் ஒளிந்திருக்கிறது. ஆகவே, சிசு மரணத்தைக் குறைக்கும் செலவு மருத்துவத் துறையின் பக்கத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை. உணவுத் துறையின் பக்கத்திலும், குடிநீர் வாரியத்தின் பக்கத்திலும், பெண் கல்வியின் பக்கத்திலும் எழுதப்படுகிறது.

இலங்கை செய்த அறிவுடைமை இதுதான்: வானளாவிய மருத்துவமனையைத் தலைநகரில் கட்டிவிட்டுக் காத்திருக்கவில்லை. சில ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி என்று வைத்தது. அவள் கையில் ஒரு பதிவேடு கொடுத்தது. யார் சூலுற்றாள், எத்தனையாவது மாதம், சென்ற பிரசவம் எப்படி, இரத்தம் குறைந்திருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்ளும் ஒருத்தி. அவளால் ஆகாததைச் செய்ய ஒரு மருத்துவமனை. ஒரு தாய் இறந்தால், ஏன் இறந்தாள் என்று கேட்க ஒரு விசாரணை. இவ்வளவுதான். அந்தப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறியது என்றால், கருவூலத்தின் கண்ணில் ஓர் உயிர் தட்டுப்பட்டது என்று பொருள்.

பெயர் ஏறாதவர்கள்? அங்கேதான் அந்தக் கசப்பான உண்மை காத்திருக்கிறது.

மலையேறாத மருத்துவச்சி

திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று நம் மாவட்டங்களிலிருந்து பஞ்சம் துரத்த, கங்காணி அழைக்க, மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்த மக்களை நினைத்துப் பாருங்கள். காடழித்துக் கோப்பி நட்டு, கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டு, அந்தத் தீவின் கருவூலத்தை நிரப்பியவர்கள் அவர்கள். இலவச அரிசிக்கும் இலவச மருத்துவத்திற்கும் வேண்டிய அன்னியச் செலாவணியின் பெரும்பங்கு அந்தத் தேயிலைக் கூடையிலிருந்தே வந்தது.

அவர்கள் வாழ்ந்தது லயத்தில். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். அவர்களுடைய மருத்துவப் பொறுப்பை அரசு நேராக ஏற்கவில்லை. தோட்டத்து முதலாளியின் தலையில் சட்டத்தால் சுமத்தியது. முதலாளியோ தேயிலையின் விலையைப் பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானித்தான். தோட்டத்து மருந்துக் கொட்டகை ஒன்று, பிள்ளைகளைப் போட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகப் பிள்ளைக் காம்பரா ஒன்று, அதற்குமேல் துரையின் மனம் போல. கிராமத்து வாசலுக்கு வந்த அரசாங்க மருத்துவச்சி, தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றாள்.

அந்த எல்லைக் கல்லை எடுத்தெறிய அவர்களிடம் ஒரு கருவி இருந்தது. வாக்கு! 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே, 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தம் வாக்காளர் பட்டியலிலிருந்து அவர்களை அகற்றியது. ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1952 தேர்தலில் அவர்களுடைய கட்சியின் சார்பில் ஒருவர்கூட வெற்றி பெறவில்லை. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பங்கிட்டது. மூட்டை முடிச்சைப் பங்கிடுவது போல!

இப்போது அந்த இரண்டு தூளிகளையும் அருகருகே கட்டிப் பாருங்கள். 1935இல் காய்ச்சல் மிகுதியாகக் கொன்றது தாழ்நிலத்துக் கிராமக் குழந்தையை; உயர்ந்த தேயிலை மலைகளை அது அவ்வளவாகத் தாக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிகின்றன. 1974. உலகெங்கும் உணவுத் தட்டுப்பாடு. இலங்கையில் பங்கீடு வெட்டப்பட்டது. அந்த ஆண்டில் தீவு முழுமைக்கும் சிசு மரணம் ஆயிரத்துக்கு 50ஐ ஒட்டியிருந்தது. தோட்டங்களிலோ 100ஐயும் தாண்டிச் சென்றது! ஒரே தீவு, ஒரே ஆண்டு, ஒரே கருவூலம். கிராமத்தானுக்குத் தோட்டம் துரவு என்று ஒரு பிடி நிலமேனும் இருந்தது. அவன் வாசலுக்கு மருத்துவச்சி வந்தாள். அவனிடம் வாக்குச் சீட்டும் இருந்தது. லயத்துத் தாய்க்கு இந்த மூன்றும் இல்லை.

வாக்கு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நிலமின்மை உண்டு, குறைந்த கூலி உண்டு, பள்ளியின்மை உண்டு, முதலாளியிடம் மருத்துவத்தை ஒப்படைத்த சட்டம் உண்டு. ஆனால் இவற்றை எல்லாம் மாற்றக் கேட்கும் குரலைத்தான் 1948 நெரித்தது. பின்னர் நடந்ததையும் கூறவேண்டும். 1970களின் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அரசின் தாய்சேய் நலப் பணி மெல்ல மலையேறியது. 1977இல் தொண்டமான் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டு அமைச்சரானார். குடியுரிமை சிறுகச் சிறுகத் திரும்பியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவர்க்கும் வழி செய்தது. 1974ஐ அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தோட்டத்துச் சிசு மரணம் பாதிக்கும் கீழாக இறங்கியது. ஆயினும் தழும்பு மறையவில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிய குழந்தைகள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம். பாட்டியின் பசி பேரனின் உயரத்தில் இன்றும் அளக்கப்படுகிறது!

கருவூலம் கருணையால் நகர்வதில்லை, தோழர்களே. அது கேட்கும் குரலின் பக்கம் நகர்கிறது. குரலற்றவன் வாசலை அது தாண்டிப் போகிறது.

நம் ஊரின் லயங்கள்

இதைக் கடல் கடந்த கதை என்று கேட்டுவிட்டு, நாளிதழை மடித்து வைத்துவிடலாகாது. நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம்.

பெருமை கொள்ளத்தக்க கணக்கு அது. 2018-20 காலத்தில் இந்தியா முழுமைக்கும் லட்சம் பிறப்புக்கு 97 தாய்மார் மாண்டபோது, தமிழ்நாட்டில் அந்த எண் 54. 2020இல் நாடெங்கும் ஆயிரத்துக்கு 28 சிசுக்கள் மாண்டபோது, இங்கே 13. இது வானத்திலிருந்து விழுந்ததன்று. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடிச் சென்றதால் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியரை முறை வைத்து, இரவும் பகலும் பிரசவம் பார்க்க வைத்ததால் வந்தது. மருந்தை மொத்தமாக வாங்கிச் சிற்றூர் வரை சேர்க்க 1994இல் தனிக் கழகம் கண்டதால் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தரப்படும் மகப்பேறு உதவி, 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்ததற்கும் அதில் பங்குண்டு. பள்ளியில் சோறு போட்டுப் பெண்ணைப் படிக்க வைத்ததற்கும் பங்குண்டு. ஆட்சிகள் மாறின, இந்தச் செலவு மாறவில்லை. மாற்றத் துணிந்தால் மக்கள் விடமாட்டார்கள் என்பதே காரணம்.

ஆனால் கேரளம் அதே காலத்தில் 19இல் நின்றது. நாம் இறங்க வேண்டிய படிகள் இன்னும் இருக்கின்றன. டில்லியோ, 2025ஆம் ஆண்டுக்குள் நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதத்தை மக்கள் நல்வாழ்வுக்குச் செலவிடுவோம் என்று 2017ஆம் ஆண்டின் கொள்கையில் எழுதி வைத்தது. 2021-22இல் மத்திய, மாநில அரசுகளின் செலவைக் கூட்டினாலும் 1.84 சதவீதமே. நோய்க்காக நாடு செலவழித்ததில் நூற்றுக்கு 39 ரூபாய் குடும்பத்தின் மடியிலிருந்து அவிழ்ந்தது. மடியில் பணமில்லாத குடும்பம் என்ன செய்யும்? வலியெடுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கும். பேறுகாலத்தில் அந்தக் காத்திருப்பின் பெயர்தான் மரணம்.

மேலிடத்தைக் கேட்பது நம் கடமை. அத்துடன் நம்மையும் நாம் கேட்டாக வேண்டும். நம் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்கள் யார்? ஒடிசாவிலிருந்து வந்து செங்கல் சூளையில் கல் அறுக்கும் குடும்பத்துச் சூலி. கட்டடம் உயர உயரத் தகரக் கொட்டகையை இடம் மாற்றிக்கொண்டே போகும் வடபுலத்துத் தொழிலாளியின் மனைவி. சாலை முடிந்த இடத்திலிருந்து மலைமேல் நடந்து சேர வேண்டிய பழங்குடிக் குடியிருப்பின் பெண். கடனுக்காகச் சூளையிலும் அரிசி ஆலையிலும் கட்டுண்டு கிடக்கும் இருளர் குடும்பத்துத் தாய். இவர்களில் பலருக்கு நம் தொகுதியில் வாக்கில்லை. வாக்கிருப்பவர்க்கும் எண்ணிக்கை இல்லை. அதனால்தானே தேர்தல் நேரத்திலும் நம் கால்கள் அந்தப் பக்கம் போவதில்லை? சொல்லுங்கள் தோழர்களே, அந்தச் சூளைக்கும் 1974இன் லயத்துக்கும் என்ன வேறுபாடு?

கடல் கடந்த தமிழ்த் தாய் வாக்கின்றி மாண்டாள் என்று கண்ணீர் வடிக்கும் நமக்கு, நம் ஊர் எல்லையில் வாக்கின்றி நிற்கும் ஒடிசாத் தாயைக் கண்டும் காணாமல் போக உரிமை உண்டா?

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியின் சூளை, கட்டடக் கொட்டகை, மலைக் குடியிருப்பு ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். அங்குள்ள சூலுற்ற பெண்களுக்குப் பிக்மி எண் வாங்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் செவிலியரை அழைத்துச் செல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் மொழி தெரிந்த ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இரத்தம் இருப்பில் இருக்கிறதா, இரவில் செவிலியர் இருக்கிறாரா, 108 வண்டி எந்த இடம் வரை வருகிறது என்று பாருங்கள். இல்லாததை எழுதி ஊராட்சியிலும் மாவட்ட நிர்வாகத்திடமும் கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். மானியக் கோரிக்கையின்போது அவர் எழுந்து பேச ஒரு பொருள் கிடைக்கட்டும். செவிலியரைக் குற்றவாளிபோல் விசாரிக்கப் போகாதீர்கள். பணியிடம் காலியாகக் கிடந்தால், இருவர் வேலையை ஒருவர் சுமக்கிறார் என்பதை அறிந்து, அவருக்காகவும் குரல் கொடுங்கள்.

இதில் நமக்கு வாக்குக் கிடைக்காது. கிடைக்காது என்பதனால்தான் இது கட்சிப் பணி. வாக்குள்ளவர் வாசலுக்குக் கருவூலத்தை அழைத்துச் செல்ல எந்தக் கட்சியும் போதும். வாக்கற்றவர் வாசலுக்கு அழைத்துச் செல்வதற்கே கொள்கையுள்ள கட்சி வேண்டும்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் எத்தனை கோடி என்று அறிவிக்கும்போது கை தட்டுவோம். தட்டிய கையோடு கேட்போம்: அந்தக் கோடியில் சூளைக்கு எத்தனை? மலைக்கு எத்தனை? கேட்டுப் பெற்ற காசு, ஒரு பதிவேட்டில் ஒரு பெயராக ஏறி, ஓர் இரவில் ஒரு வண்டியாக வந்து, ஒரு குழந்தையின் முதல் அழுகையாக ஒலிக்கும்வரை நம் வேலை முடியவில்லை. சூளையின் ஓரத்து வேப்ப மரத்திலும் ஒரு தூளி ஆட வேண்டும். அதை ஆட்டுவதற்கு அதன் தாயும் இருக்க வேண்டும்.